படிக்காமல் போட்ட கையெழுத்து

போன மாதம் புனே விமான் நகரில் ஒரு நிச்சயதார்த்த விருந்து. தட்டை ஏந்திக்கொண்டு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவருக்கு முப்பது வயது இருக்கும். பெயர் கார்த்திக், கோயம்புத்தூர்க்காரர், கராடியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை. நான் முப்பத்து நான்கு வருடம் பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் என்று அவரிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"ஆன்ட்டி, இப்ப நாங்க பண்றது உங்க ஃபீல்டுதானுங்க" என்றார் உற்சாகமாக. "எக்ஸாம் பேப்பர் திருத்தற ஏஐ. ஸ்கேன் பண்ணிக் குடுத்தாப் போதும், மார்க்கு, கமெண்ட் எல்லாமே வந்துரும். மனுசங்க போடற மார்க்கும் அது போடறதும் அப்படியே மேட்ச் ஆகுதுங்க. நீங்கெல்லாம் இத்தன வருசம் வீணா கண்ணக் கெடுத்துக்கிட்டீங்க, பாவம்."

அந்தப் 'பாவம்' எனக்குச் சுருக்கென்றது. பதில் சொல்ல வாயெடுத்தேன். பின்னால் நின்றவர்கள் நகரச் சொன்னார்கள். பிறர் வீட்டு விசேஷத்தில் சண்டை போடக்கூடாது என்று பேசாமல் சாப்பிட்டுவிட்டு வந்தேன். வந்தும் மனசு ஆறவில்லை. வரிசையில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். கார்த்திக் தமிழ் வாசிப்பாரா தெரியாது. அவர் அம்மா வாசிப்பார், வாசித்துச் சொல்லட்டும்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். எனக்குக் கம்ப்யூட்டர் மேல் பகை கிடையாது. குழாய் வலைப்பின்னல் கணக்குகளைக் கம்ப்யூட்டரில் போடும் பழக்கத்தை எங்கள் துறையில் கொண்டுவந்ததே நான்தான். என் கோபம் வேறு இடத்தில் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் பழைய கதைக்குப் போக வேண்டியிருக்கிறது.

அப்பா கட்கியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் ஃபிட்டர். பூர்வீகம் வேலூர்ப் பக்கம். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் மராத்தி, பஸ்ஸில் ஹிந்தி என்று வளர்ந்தேன். சிவில் இன்ஜினீயரிங் வகுப்பில் நாங்கள் மூன்றே பெண்கள். மேற்படிப்பை முடித்த கையோடு புனேயிலேயே ஒரு தனியார் கல்லூரியில் விரிவுரையாளர் வேலை கிடைத்தது. குடிநீர் வழங்கல் என் பாடம். நான் வேலை கற்றுக்கொண்டது வகுப்பறையில் இல்லை, விடைத்தாள் திருத்தும் கூடத்தில்.

அந்தக் காலத்தில் தேர்வு முடிந்ததும் பல கல்லூரித் தாள்களையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து குவிப்பார்கள். மே மாத வெயில். நீளமான கூடத்தில் மேசைக்கு நான்கு பேர். ஒரு கட்டுக்கு நாற்பது தாள். சீட் நம்பர் எழுதிய மூலையை மடித்து ஒட்டியிருப்பார்கள். யார் எழுதியது என்று தெரியாது. நாங்கள் சிவப்பு மையில் திருத்த வேண்டும். எங்களுக்கு மேல் மாடரேட்டர் என்று ஒருவர் உண்டு. அவர் கட்டுக்கு இரண்டு மூன்று தாளை உருவி, பச்சை மையில் திரும்பத் திருத்துவார். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிற கணக்குதான்.

எங்கள் மாடரேட்டர் குல்கர்ணி சார். மெலிந்த மனிதர், குரல் உயர்த்தியதே கிடையாது. எவர்சில்வர் டப்பாவில் இரண்டு சப்பாத்தி கொண்டுவருவார், சரியாக ஒரு மணிக்குத் திறப்பார். முதல் நாள் யாருக்கும் கட்டைக் கொடுக்க மாட்டார். கேள்வித்தாளைக் கொடுத்து, "நீங்க எழுதுங்க முதல்ல" என்பார். வாத்தியார்கள் எல்லாரும் பரீட்சை எழுதுவது போல உட்கார்ந்து எழுதுவோம். எழுதி முடித்த பிறகுதான் மாதிரி விடையைக் காட்டுவார். அப்போது பார்த்தால் எட்டுப் பேர் எட்டு விதமாக எழுதியிருப்போம்.

இதற்கு ஒரு காரணம் இருந்தது. எங்கள் கேள்வித்தாள்களின் தலைப்பில் குறிப்புகள் இருக்கும். 'படங்களைத் தெளிவாக வரையவும்' என்பது மாதிரி. கடைசிக் குறிப்பு எப்போதும் ஒன்றேதான்: 'தேவையான இடத்தில் பொருத்தமான அளவுகளை அனுமானித்துக்கொள்ளவும்.' கேள்வியில் ஏதாவது ஒரு எண்ணைக் கொடுக்காமல் விட்டிருந்தால், மாணவன் தானே ஒரு எண்ணை வைத்துக்கொண்டு, ஏன் அதை வைத்தான் என்று ஒரு வரி எழுதி, கணக்கைப் போடலாம். இன்ஜினீயர் வேலையே அதுதானே? எந்த ஊரில் எல்லா எண்ணையும் தட்டில் வைத்துத் தருகிறார்கள்? அனுமானம் நியாயமாக இருந்தால் முழு மார்க். மாதிரி விடையோடு ஒத்துப்போக வேண்டியதில்லை. எழுத்தில் இருக்கிற விதி இது.

என் முதல் வருடத்து மூன்றாம் நாள். எனக்குக் கை வேகம் வந்துவிட்டிருந்தது. எத்தனை பக்கம் எழுதியிருக்கிறான், படம் இருக்கிறதா, கடைசி எண் சரியா என்று பார்த்து மார்க் போடப் பழகிவிட்டேன். மத்தியானத்துக்குள் ஒரு கட்டு முடித்துவிட்டுப் பெருமையாகக் கொண்டுபோய் வைத்தேன். குல்கர்ணி சார் நடுவிலிருந்து ஒரு தாளை உருவினார். மார்க் இருந்த இடத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

"மேடம், இந்தப் பையன் மூணாவது கேள்விக்கு என்ன எழுதியிருக்கான்? சொல்லுங்க."

எட்டுக்கு ஐந்து போட்ட ஞாபகம் இருந்தது. என்ன எழுதியிருந்தான் என்பது இல்லை. இன்னொரு தாளை எடுத்தார், மூடினார், அதே கேள்வி. மூன்றாவது தாளுக்கு நான் அழுதுவிடுவேன் போலிருந்தது.

"வாச்லத் கா?" என்றார். படித்தீர்களா என்று மராத்தியில் கேட்கிறார். அவ்வளவுதான். கட்டை என் பக்கம் தள்ளிவிட்டுச் சப்பாத்தி டப்பாவைத் திறந்தார்.

நாற்பது தாளையும் முதலிலிருந்து படித்தேன். அன்று முழுக்க, மறுநாள் பாதி. முடித்துப் பார்த்தால், நம்ப மாட்டீர்கள், கிட்டத்தட்ட அதே மார்க்! அங்கொன்று இங்கொன்று மாறியிருந்தது, அவ்வளவே. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் போட்டேன்.

"பாருங்க சார். அதே மார்க்தான் வருது. ஒன்றரை நாள் வீணாப் போச்சு."

அவர் கோபப்படவில்லை. முதல் பக்கத்தின் அடியில் நான் போட்ட கையெழுத்தைப் பேனாவால் காட்டினார். "இங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்களே மேடம், இது என்ன, மார்க் சரின்னு சொல்ற கையெழுத்தா? நான் இதைப் படிச்சேன்னு சொல்ற கையெழுத்து. மார்க் தப்பாப் போகலாம், எனக்கே போயிருக்கு. முதல் தடவை கையெழுத்துப் போட்டீங்களே, அது தப்பு இல்லை. பொய்."

இருபத்தாறு வயசில் அது எனக்கு அதிகப்படியாகத் தெரிந்தது. பிராமணக் கிழவருக்கு வேறு வேலை இல்லை என்று நினைத்தேன், மறைப்பானேன். ஆனால் அதற்குப் பிறகு அவர் இருந்த ஒன்பது வருடமும் நான் திருத்திய தாளை யார் மூடிக்கொண்டு கேட்டாலும் சொல்லியிருப்பேன். கார்த்திக், 'அப்படியே மேட்ச் ஆகுது' என்றீர்களே, அதற்கு முப்பது வருடத்துக்கு முன்பே பதில் சொல்லியாகிவிட்டது.

பிறகு காலம் மாறியது. தாளை ஸ்கேன் செய்து திரையில் திருத்தும் முறை வந்தது. நல்ல முறைதான், கூட்டல் பிழை ஒழிந்தது. கூடவே மற்றதும் ஒழிந்தது. வாத்தியார்கள் முதல் நாள் பரீட்சை எழுதுவது நின்றது. மாதிரி விடை கோப்பாக வரும்; இருபது நிமிடம் ஆன்லைன் கூட்டம்; பாதிப் பேர் கேமராவை அணைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பார்கள். யாராவது 'ஓகே' என்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். அதற்குள் நானே மாடரேட்டர் ஆகியிருந்தேன்.

என் பணியின் கடைசி வருடம். கல்லூரியின் மதிப்பீட்டு மையத்துக்கு ஒரு டைரக்டர். இவருக்கு ஒரே ஒரு கவலை: ரிசல்ட் எத்தனை நாளில் வரும். கூடத்தில் ஒரு பெரிய திரை வைத்து, யார் எத்தனை தாள் முடித்தார்கள் என்று ஓடவிட்டிருந்தார். பின்தங்கியவர் பெயர் சிவப்பில் வரும். கூட்டத்தில் ஒருமுறை, "ஸ்மார்ட்டா வேலை பாருங்க, எல்லாக் கருவியும் இருக்கு" என்றார். எந்தக் கருவி, எதற்கு என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

எங்கள் துறையில் பிரசாத் என்று ஓர் இளம் ஆசிரியர். ஒப்பந்த வேலை, பதினோரு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள். நான்கு பாடம், இரண்டு ஆய்வகம், ஆய்வுக்குழு வரும்போது கோப்பு தயாரிப்பது, சேர்க்கை மேளாவில் நின்று துண்டுப் பிரசுரம் கொடுப்பது, எல்லாம் அவர் தலையில். சிவப்பில் அடிக்கடி வரும் பெயர் அவருடையது. அந்தப் பருவத்தில் திடீரென்று அவர் பெயர் பச்சைக்கு ஏறியது. டைரக்டர் எல்லார் முன்னாலும் கை தட்டச் சொன்னார். நானும் தட்டினேன்.

ரிசல்ட் வந்து ஒரு வாரம். என் அறை வாசலில் ஒரு பெண் நின்றாள். ஸ்வாதி, கடைசி வருடம், சாதாரா மாவட்டத்தில் மாண் தாலுகா. மழை மறந்துபோன பகுதி அது. வகுப்பில் மூன்றாவது பெஞ்சு, அதிகம் பேசாத பெண். அன்றைக்குப் பேசினாள். மராத்தியில்தான், தமிழில் தருகிறேன்.

"மேடம், குடிநீர் பேப்பர்ல ஃபெயில். இருபத்து மூணு. இருபத்தெட்டு வேணும்."

எனக்கே நம்ப முடியவில்லை. அவளுக்கு நன்றாக வரும் பாடம். அதைவிடப் பெரிய விஷயத்தை அடுத்ததாகச் சொன்னாள். மாவட்ட ஊராட்சியான ஜில்லா பரிஷத்தின் குடிநீர்ப் பிரிவில் இளநிலைப் பொறியாளர் தேர்வில் தேறியிருக்கிறாள். பதினெட்டு நாளில் சான்றிதழ் சரிபார்ப்பு. பட்டம் முடித்ததற்கான மார்க் ஷீட்டைக் காட்டாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். இந்த ஒரு பாடம் போனால் இங்கே 'இயர் டவுன்' என்பார்கள், வருடமே போனது.

கையில் விடைத்தாளின் நகல் வைத்திருந்தாள். விண்ணப்பித்தால் கொடுப்பார்கள். வாங்கிப் பார்த்தேன்.

மூன்றாம் கேள்வி இது: ஐயாயிரம் மக்கள் உள்ள ஒரு கிராமத்துக்கு மேல்நிலைத் தொட்டி வடிவமைக்கவும். பன்னிரண்டு மார்க். ஆளுக்கு ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் என்று கேள்வியில் இல்லை. மாதிரி விடையில் நூற்று முப்பத்தைந்து லிட்டர் என்று எடுத்திருந்தார்கள். அது நகரத்துக்கான அளவு. சாக்கடை வசதி உள்ள ஊருக்கு, பாடப்புத்தகத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள், எல்லாரும் மனப்பாடம் செய்வார்கள். ஸ்வாதி நாற்பது லிட்டர் என்று எடுத்திருந்தாள். பக்கத்திலேயே எழுதியிருந்தாள்: 'கேள்வி கிராமம் என்கிறது. பழைய கிராமத் திட்டங்களின் அளவு நாற்பது. எங்கள் ஊரில் மார்ச்சிலிருந்து டேங்கர் வரும், அப்போது இதுவும் கிடைக்காது. நூற்று முப்பத்தைந்துக்குத் தொட்டி கட்டினால் அது நிரம்பாது.' அதன் பிறகு ஒரு வழுவும் இல்லாத கணக்கு. படம் அச்சுப் போல இருந்தது.

பன்னிரண்டுக்கு இரண்டு.

ஓரத்துக் கட்டத்தில் மதிப்பீட்டாளர் குறிப்பு அச்சாகியிருந்தது. நல்ல ஆங்கிலம். சாரம் இதுதான்: 'மாணவரின் விடை தெளிவாக அமைக்கப்பட்டிருந்தாலும், அடிப்படை அனுமானம் எதார்த்தத்துக்குப் பொருந்தவில்லை. அதனால் தொடரும் கணக்கீடுகள் அனைத்தும் ஏற்புடைய மதிப்பிலிருந்து விலகுகின்றன.'

எதார்த்தத்துக்குப் பொருந்தவில்லையாம்! டேங்கர் பின்னால் குடத்தோடு ஓடியவளிடம் எதார்த்தம் பேசுகிறது. ரத்தம் கொதித்தது எனக்கு. திருத்தியது பிரசாத் என்று மதிப்பீட்டாளர் நம்பரைப் பார்த்ததும் தெரிந்தது. பிரசாத் இப்படி எழுத மாட்டார். அவர் தாளில் 'தப்பு', 'படம் எங்கே?' என்றுதான் இருக்கும்.

"மேடம்," என்றாள் ஸ்வாதி, "என் பேப்பரை யாராவது படிச்சாங்களா?"

விசாரிக்கிறேன் என்று அவளை அனுப்பிவிட்டுப் பிரசாத்தைக் கூப்பிட்டேன். வந்தவர் முகத்திலேயே எல்லாம் எழுதியிருந்தது. திரையிலிருந்து பக்கங்களைப் படமெடுத்து ஒரு ஏஐ செயலியில் ஏற்றியிருக்கிறார், கூடவே மாதிரி விடையையும். அது சொன்ன மார்க்கையும் குறிப்பையும் எடுத்துக் கட்டத்தில் ஒட்டியிருக்கிறார். கேள்வித்தாளின் தலைப்புக் குறிப்புகளை ஏற்றவே இல்லை. அனுமானிக்கலாம் என்ற விதி இருப்பதே அதற்குத் தெரியாது.

"ஆரம்பத்துல ஒவ்வொண்ணையும் நானும் படிச்சேன் மேடம், சத்தியமா. அது போட்டதும் நான் போட்டதும் ஒண்ணாத்தான் இருந்துச்சு. அம்பது பேப்பர் அப்படிப் பார்த்தேன். அப்புறம்... எதுக்கு ரெண்டு தடவைன்னு விட்டுட்டேன். என் பேர் சிவப்புல வந்துக்கிட்டே இருந்துச்சு மேடம்."

மாணவர்கள் எழுதிய தாளை அவர்களுக்குத் தெரியாமல் வெளியே எங்கேயோ அனுப்பியிருக்கிறார். அதற்கே அவரை உலுக்கியிருக்க வேண்டும். கத்தினேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கத்தும்போதே என் முதல் வருடத்து நாற்பது தாள் கண்ணுக்கு முன்னால் வந்தது. என்னை மடக்க ஒருவர் இருந்தார். இவருக்கு யார் இருந்தார்கள்?

அந்தக் கேள்விக்கும் விடை உடனே கிடைத்தது. மறுமதிப்பீட்டுக்கு அறிக்கை எழுதுவதற்காக அந்தத் தாளின் பதிவேட்டைத் திரையில் திறந்தேன். யார், எப்போது, எத்தனை நேரம் என்று எல்லாம் இருக்கும். மதிப்பீட்டாளர் பிரசாத், முப்பத்தெட்டு வினாடி. அடுத்த வரி: மாடரேட்டர், ஐம்பத்தொரு வினாடி, மதிப்பெண் ஏற்கப்பட்டது. கீழே என் பெயர்.

ஞாபகப்படுத்திப் பார்த்தேன், வந்தது. அந்தக் குறிப்பு ஞாபகம் வந்தது. 'அட, இந்த வருடம் பிரசாத் எவ்வளவு அழகாகக் காரணம் எழுதுகிறார்' என்று நினைத்தது ஞாபகம் வந்தது. ஸ்வாதி எழுதியது ஒரு வரிகூட வரவில்லை. என் கண் தாளில் இல்லை, ஓரத்துக் கட்டத்தில் இருந்திருக்கிறது. அழகான ஆங்கிலத்தைப் படித்துவிட்டு, பெண் எழுதியதைப் படித்ததாக நினைத்துக்கொண்டு பொத்தானை அமுக்கியிருக்கிறேன். முப்பது வருடத்துக்கு முன்னால் நான் கற்றுக்கொண்டேன் என்று பீற்றிக்கொண்டேனே, அந்தப் பாடத்தின் லட்சணம் இது. முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு வந்து அறிக்கை எழுதினேன்: 'இந்தத் தாளை மதிப்பீட்டாளர் படிக்கவில்லை. மாடரேட்டராகிய நானும் படிக்கவில்லை. மூன்றாம் கேள்விக்கு முழு மதிப்பெண் பன்னிரண்டும் தரப்பட வேண்டும். மாதிரி விடையும் தவறு.'

டைரக்டர் அதைப் படித்துவிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார்.

"மேடம், மே மாசம் ரிடையர் ஆகப்போறீங்க. எதுக்கு இந்த வாக்கியமெல்லாம்? எழுத்துப் பிழைன்னு போடுங்க. மார்க்கைத் திருத்திடலாம், பொண்ணுக்கும் நல்லது."

"எழுத்துப் பிழை இல்லை சார். படிக்கலை."

"படிக்கலைன்னு எழுதினா என்ன ஆகும்னு தெரியுமா? எல்லாப் பேப்பரையும் திறக்கச் சொல்வாங்க."

"திறக்கட்டும்."

"ரிசல்ட் அறிவிச்சாச்சு மேடம்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை ஒரு மனிதர் இவ்வளவு அமைதியாகச் செய்து நான் பார்த்ததில்லை. நான் வாக்கியத்தை எடுக்க மறுத்தேன். அவர் அறிக்கையை மேலே அனுப்ப மறுத்தார். தினமும் காலையில் போய் அவர் அறை வாசலில் உட்கார்ந்தேன். ஸ்வாதியும் வந்து பக்கத்தில் உட்காருவாள். அவளிடம் நான் இரண்டாம் நாளே சொல்லிவிட்டேன், படிக்காதவர்களில் நானும் ஒருத்தி என்று. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. "சரி மேடம்" என்று மட்டும் சொன்னாள். நாட்கள் ஒவ்வொன்றாகக் கழிந்தன. மேலிடத்தில் ஒருவருக்கு நான் நேரடியாக எழுதிய பிறகு அறிக்கை நகர்ந்தது. மார்க் முப்பத்து மூன்று ஆனது. புது மார்க் ஷீட் வந்தபோது சான்றிதழ் சரிபார்ப்பு முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அவள் இடம் காத்திருப்போர் பட்டியலில் இருந்த அடுத்தவருக்குப் போய்விட்டது.

பிரசாத்தின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. 'ஒழுங்கீனம்' என்று கோப்பில் போட்டார்கள். எய்தவன் இருக்க அம்பை நோவது இதுதான். எனக்கு ஒரு விசாரணையும் இல்லை. சால்வை போர்த்தி, படம் எடுத்து, வழியனுப்பினார்கள். டைரக்டர் அதே நாற்காலியில் இருக்கிறார். இன்னொன்றும் கேளுங்கள். எந்த வேலைக்காகப் பிரசாத்தை அனுப்பினார்களோ, அதே வேலையைச் செய்ய இந்த வருடம் கல்லூரியே ஒரு கருவி வாங்கியிருக்கிறது. திறப்பு விழாவுக்கு எனக்கும் அழைப்பு வந்தது. கார்த்திக்கின் கம்பெனியுடையதா என்று நான் விசாரிக்கவில்லை. ஒப்பந்த ஆசிரியர் திருட்டுத்தனமாகச் செய்தால் ஒழுங்கீனம், நிர்வாகம் ரிப்பன் வெட்டிச் செய்தால் முன்னேற்றம்.

தாளைப் படிக்க ஆள் போதவில்லை என்றால் ஆளைச் சேர்க்க வேண்டும், நாளைக் கூட்ட வேண்டும். பிள்ளைகள் மூன்று மணி நேரம் கை வலிக்க எழுதுகிறார்கள். அதை ஒரு மனிதர் படிப்பார் என்ற நம்பிக்கையில் எழுதுகிறார்கள். யாரும் படிக்கப் போவதில்லை என்றால் அதை முதல் பக்கத்தில் அச்சடித்துவிடுங்கள், 'பொருத்தமான அளவுகளை அனுமானித்துக்கொள்ளவும்' என்ற வரிக்குப் பக்கத்திலேயே. மிஷின் மார்க் போடுகிறது என்றால் கீழே மிஷின் என்றே எழுதுங்கள். எதற்கு அங்கே ஒரு வாத்தியார் பெயர்?

ஸ்வாதி புது மார்க் ஷீட்டை வாங்க வந்த அன்றைக்கு நான் கல்லூரியில்தான் இருந்தேன், ஓய்வுக்கு நான்கு நாள் இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். அதை அவள் கேட்டுக்கொண்டாளா தெரியாது, அவள் மனசில் வேறு ஒன்று இருந்தது.

"மேடம், அப்போ நாற்பதுன்னு எடுத்தது சரிதானே?"

"சரி. மாதிரி விடைதான் தப்பு."

"அதைத் திருத்திட்டாங்களா?"

"எதை?"

"மாதிரி விடையை. என் ரூம்மேட் மனிஷாவும் நாற்பதுதான் எடுத்தா. ரெண்டு பேரும் பரீட்சை முடிஞ்சு வெளிய வந்து பேசிக்கிட்டோம். அவளும் எங்க தாலுகாதான். அவளுக்கும் ஃபெயில் வந்துச்சு. நகல் எடுக்கச் சொன்னேன், இவங்ககிட்ட யார் மல்லுக்கு நிக்கிறதுன்னு ஊருக்குப் போயிட்டா."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாள் இந்த ஒரு தாளுக்காக வாசலில் உட்கார்ந்தேனே தவிர, நாற்பது என்று எழுதிய வேறொரு பிள்ளை இருக்கும் என்று எனக்கே தோன்றவில்லை. மனிஷாவின் சீட் நம்பரை வாங்கிக்கொண்டு டைரக்டரிடம் ஓடினேன். நகல் கேட்கும் தேதி முடிந்துவிட்டது என்றார். மாணவி கேட்கவில்லை, நான் கேட்கிறேன் என்றேன். அதற்கு விதியில் இடமில்லை என்றார். மாடரேட்டர் என்ற முறையில் பதிவேட்டைத் திறக்கலாம் என்று என் அறைக்கு வந்து உட்கார்ந்தேன். ஓய்வு பெறுகிறவள் என்று என் கம்ப்யூட்டர் கணக்கை முந்தின நாளே மூடியிருந்தார்கள்.

ஓய்வு பெற்று ஒரு வாரம் கழித்து, ஸ்வாதியிடம் நம்பர் வாங்கி மனிஷாவின் வீட்டுக்குப் போன் செய்தேன். அவள் அப்பா எடுத்தார். கல்லூரி மேடம் என்றதும் குரலில் ஒரு பணிவு.

"மனிஷா இருக்காளா?"

"தண்ணிக்குப் போயிருக்கா மேடம், டேங்கர் வந்திருக்கு. படிப்ப விட்டுட்டா. மறுபடி ஒரு வருஷம் புனேக்கு அனுப்ப நம்மால ஆகாது. அவளே சொல்லிட்டா, எனக்குப் படிப்பு வரல பாபா, விட்டுடலாம்னு. மேடம், ஒண்ணு கேக்கட்டுமா? பொண்ணு நல்லா எழுதினேன்னுதான் வந்து சொன்னா. நெசமாவே அவ்வளவு மோசமாவா எழுதியிருந்தா?"

உங்கள் பெண் சரியாகத்தான் எழுதியிருந்தாள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. அந்தத் தாளை நான் படித்ததில்லை.